முதல் நான்கு இடங்கள் யாருக்கு?

செங்காங்கில் எங்கள் புளோக்கின் அருகிலுள்ள கூடைப்பந்துத் திடலில் மாலை நேரத்தில் விளையாடும் பிள்ளைகளைக் கேட்டால், அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் பெயர்களை வரிசையாக ஒப்புவிப்பார்கள். ஆனால், அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவிகளுக்காக ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் தொடங்கும் கூடைப்பந்துப் போட்டியைப் பற்றி அறிந்தவர்கள் நம்மிடையே குறைவு. அந்த ஆட்டங்களைவிட, அவை தொடங்குமுன் வெளியாகும் தரவரிசைப் பட்டியல்தான் என்னை அதிகம் கவர்ந்தது. அதில் முதல் நான்கு இடங்களைப் பெறப்போகும் அணிகளை முன்கூட்டியே கணிக்க முடியுமா? ஓரளவு முடியும் என்பதே என் பதில். அது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

தரநிலை எதற்கு?

என்சிஏஏ எனப்படும் அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுக் கழகம் 1982ஆம் ஆண்டில் 32 அணிகளோடு பெண்களுக்கான இப்போட்டியைத் தொடங்கியது. அணிகளின் எண்ணிக்கை 1994இல் 64 ஆகவும் 2022இல் 68 ஆகவும் உயர்ந்தது. தோற்ற அணி உடனே வெளியேற வேண்டும், மறுவாய்ப்புக் கிடையாது. யாருடன் யார் மோதுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தால் என்ன ஆகும்? மிகச் சிறந்த இரண்டு அணிகள் முதல் நாளே மோதிக்கொள்ள, அவற்றில் ஒன்று அன்றே மூட்டை கட்ட நேரிடும். குலுக்கல் முறையில் நடக்கும் நம் மாணவர் விவாதப் போட்டிகளிலும் இப்படி நேர்வதுண்டு.

இதைத் தவிர்க்கவே வலிமையான அணிகளை ஒன்றுக்கொன்று தள்ளி அமர்த்துகிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு 'விதை' என்று பொருள்படும் சொல்லையே வழங்குகிறார்கள். விதை ஒரே இடத்தில் குவியாமல் பரவலாகத் தூவுவதை எண்ணிப் பார்த்தால் பொருத்தம் விளங்கும். நாம் 'தரநிலை' என்று சொல்லலாம். 68 அணிகளையும் வரிசைப்படுத்தி, முதல் நான்கு அணிகளை நான்கு பிரிவுகளின் தலைமையிடத்தில் வைப்பார்கள். இவையே முதல் தரநிலை அணிகள். அடுத்த நான்கும் இரண்டாம் தரநிலை பெறும்.

முதல் 16 இடங்களுக்குள் வருவோருக்கு மற்றொரு பலனும் உண்டு. 2015 முதல், கோவிட் காலம் நீங்கலாக, முதல் இரண்டு சுற்றுகளையும் அவை பொதுவாகத் தங்கள் சொந்த அரங்கிலேயே விளையாடுகின்றன. ஆண்கள் போட்டியில் இவ்வசதி இல்லை. ஆகவே, பதினாறாம் இடம் பெற்ற அணி தன் ரசிகர்களின் ஆரவாரத்துக்கிடையே ஆடும். பதினேழாம் இடம் பெற்ற அணி விமானம் ஏற வேண்டியிருக்கும்.

வெற்றிகளை எண்ணினால் போதுமா?

போதாது. எளிய எதிரிகளை மட்டும் சந்தித்து 30 ஆட்டங்களில் வென்ற அணியையும், கடும் எதிரிகளோடு மோதி 25 ஆட்டங்களில் வென்ற அணியையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. இதற்காக முன்பு ஆர்பிஐ என்ற கணக்கு இருந்தது. அணியின் சொந்த வெற்றி விகிதத்துக்கு 25 விழுக்காடு, எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு 50 விழுக்காடு, அந்த எதிரணிகளின் எதிரணிகளுக்கு 25 விழுக்காடு என்று அது பங்கிட்டது. அதாவது, நீங்கள் எப்படி ஆடினீர்கள் என்பதைவிட யாருடன் ஆடினீர்கள் என்பதற்கே மதிப்பு அதிகம்!

2020-21 பருவத்தில் பெண்கள் போட்டிக்கு 'நெட்' என்ற புதிய கணக்கு வந்தது. இது ஆட்டத்திறனையும் அளக்கிறது. ஓர் அணியின் கைக்குப் பந்து வந்து போவதை ஒரு வாய்ப்பு என்று கொள்வோம். கூடையை நோக்கி எறிந்த பந்துகளின் எண்ணிக்கையிலிருந்து, தவறிய பந்தைத் தானே மீண்டும் பிடித்தவற்றைக் கழித்து, பறிகொடுத்த பந்துகளையும், தண்ட எறிகளின் எண்ணிக்கையை 0.475ஆல் பெருக்கி வருவதையும் கூட்டினால் வாய்ப்புகளின் எண்ணிக்கை கிடைக்கும். 60 எறிகள், மீண்டும் பிடித்தவை 10, பறிகொடுத்தவை 15, தண்ட எறிகள் 20 என்றால், 60 - 10 + 15 + 9.5 = 74.5 வாய்ப்புகள். அந்த அணி 75 புள்ளிகள் எடுத்திருந்தால், ஒரு வாய்ப்புக்கு ஏறத்தாழ ஒரு புள்ளி. இதே முறையில் எதிரணிக்கு விட்டுக்கொடுத்ததையும் கணக்கிட்டு, எதிரணியின் வலிமைக்கேற்பச் சரிசெய்கிறார்கள்.

பின்னர், வெற்றிகளை நான்கு வகைகளாகப் பிரிக்கிறார்கள். நெட் வரிசையில் முதல் 25 இடங்களிலுள்ள அணியைச் சொந்த அரங்கிலோ, முதல் 35 இடங்களிலுள்ள அணியைப் பொது அரங்கிலோ, முதல் 45 இடங்களிலுள்ள அணியை அதன் அரங்கிலோ வெல்வது முதல்வகை வெற்றியாகும். வெளியூர் வெற்றி கடினம் என்பதை இந்த எண்களே ஒப்புக்கொள்கின்றன.

ஆனால், இறுதி முடிவு கணினியின் கையில் இல்லை. பல்கலைக்கழக விளையாட்டு நிர்வாகிகள் அடங்கிய குழு ஒன்று கூடி விவாதித்து வாக்களிக்கிறது. ஓர் உறுப்பினரின் சொந்தப் பல்கலைக்கழகம் விவாதத்துக்கு வரும்போது அவர் அறையைவிட்டு வெளியேற வேண்டும். எனவே, கணிப்பவர் இந்தக் குழுவின் மனப்போக்கையும் அறிந்திருக்க வேண்டும். பட்டியல் அமெரிக்காவில் ஞாயிறு இரவு எட்டு மணிக்கு வெளியானால், நமக்குத் திங்கட்கிழமை காலை எட்டு மணி. எல்ஆர்டியில் நின்றபடியே என் கணிப்பைச் சரிபார்த்துக்கொள்வேன்.

2025ஆம் ஆண்டின் பாடம்

அவ்வாண்டு யுசிஎல்ஏ அணி தேர்வு நாள்வரை இரண்டே ஆட்டங்களில் தோற்றிருந்தது. இரண்டும் அதே நகரத்து யுஎஸ்சி அணியிடம்தான். ஆனால், தங்கள் கூட்டமைப்பின் இறுதியாட்டத்தில் யுஎஸ்சியை 72-67 என்று வென்று பழிதீர்த்தது. மற்றொரு கூட்டமைப்பில் சவுத் கரோலினாவும் டெக்சஸும் சமநிலையில் நிற்க, முதலிடம் யாருக்கு என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்தார்கள்! அது சவுத் கரோலினாவுக்குச் சாதகமாக விழுந்தது. பின்னர் அந்த அணி இறுதியாட்டத்தில் டெக்சஸை 64-45 என்று வென்றது. யுசிஎல்ஏ, சவுத் கரோலினா, டெக்சஸ், யுஎஸ்சி ஆகிய நான்கும் முதல் தரநிலை பெற்றன.

ஐந்தாவதாக நின்றது யுகான் எனப்படும் கனெக்டிகட் அணி. பிப்ரவரியில் சவுத் கரோலினாவை அதன் சொந்த அரங்கிலேயே 87-58 என்று வீழ்த்திய அணி அது. ஆயினும் மூன்று தோல்விகள் இருந்தன. அதன் கூட்டமைப்பில் வலிய எதிரிகளும் குறைவு. இரண்டாம் தரநிலைதான் கிடைத்தது. அதன்பின் நடந்ததோ, யுஎஸ்சியை 78-64, யுசிஎல்ஏவை 85-51, சவுத் கரோலினாவை 82-59 என்று வரிசையாக வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது.

அப்படியானால் குழு தவறிழைத்துவிட்டதா? இல்லை என்றே கருதுகிறேன். தரநிலை என்பது அதுவரை செய்த சாதனைக்கு அளிக்கும் மரியாதை. யார் வெல்வார் என்ற ஆரூடம் அன்று. யுஎஸ்சியின் முன்னணி ஆட்டக்காரரான ஜூஜூ வாட்கின்ஸ் இரண்டாம் சுற்றில் முழங்காலில் காயமடைந்து விலக நேரிட்டதை எந்தச் சூத்திரமும் முன்னறிந்திருக்க முடியாது.

1998இல் பதினாறாம் தரநிலையில் இருந்த ஹார்வர்ட், முதல் தரநிலையில் இருந்த ஸ்டான்ஃபர்டை அதன் அரங்கிலேயே 71-67 என்று வென்றது. ஸ்டான்ஃபர்டின் முக்கிய ஆட்டக்காரர்கள் இருவர் அப்போதுதான் காயமடைந்திருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால், ஹார்வர்டின் அலிசன் ஃபீஸ்டர் 35 புள்ளிகள் குவித்தார் என்பதும் உண்மை. ஆண்கள் போட்டியில் இத்தகைய வெற்றி நிகழ 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த முறையில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. முதல்வகை வெற்றி பெற, முதல்வகை எதிரி உங்களோடு ஆட இணங்க வேண்டும். சிறிய கூட்டமைப்பிலுள்ள அணிக்கு அந்த வாய்ப்பே அரிது. வாய்ப்புக் கிட்டாதவர்களைத் திறமையற்றவர்கள் என்று எண்கள் சொல்லிவிடக் கூடாது. தேர்வு மதிப்பெண்களோடு வளர்ந்த நமக்கு இது புரியாத செய்தியன்று. வரிசை, ஆட்டத்தை ஒழுங்குபடுத்தத் தேவைதான். ஆனால் ஹார்வர்டுக்குக் கிடைத்ததைப் போல, கடைசி இடத்தில் நிற்பவருக்கும் களத்தில் நாற்பது நிமிடங்கள் கிடைக்க வேண்டும்.