சேர்வராயன் மலைக் காப்பியைக் காக்கும் மரபணு

ஏற்காட்டை அடுத்த கரடியூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் நுழைந்தால், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். அந்த நிழலில் அரபிகாச் செடிகள் நிற்கும். ஏதாவது ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் பொடி படிந்து, தொட்ட விரலில் ஒட்டிக்கொண்டால் அது இலைத் துரு நோய். ஒருவகைப் பூஞ்சையின் வேலை. நோய் முற்றினால் இலை கொட்டிக் கிளை மொட்டையாகும். அடுத்த வருட மகசூலும் அடிபடும்.

சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். 1869இல் இலங்கைத் தோட்டங்களில் துரு நோய் தலைகாட்டியது. இருபது ஆண்டுகளுக்குள் அங்கே காப்பித் தொழிலே படுத்துவிட்டது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. காப்பிக் காட்டு வேலைக்காகக் கடல் கடந்து போன தமிழ்த் தொழிலாளர்களின் வாழ்க்கையும் அதோடு தடம் மாறியது.

அரபிகா ஏன் இவ்வளவு எளிதாக நோயில் விழுகிறது? இதற்கு விடை தேடத் தாவரவியலோடு மரபணுவியலும் கணினி அறிவியலும் கைகோத்தன. 2014இல் ரொபஸ்டா என்ற இன்னொரு காப்பி இனத்தின் முழு மரபணுத் தொகுதி வெளியானது; அதில் ஏறத்தாழ 25,500 மரபணுக்கள் இருந்தன. 2024இல் அரபிகாவின் விரிவான வரைபடம் வந்தது. 18ஆம் நூற்றாண்டில் உலர்த்திப் பாதுகாத்த ஒரு மாதிரியிலிருந்துகூட டி.என்.ஏ. எடுத்துப் படித்திருந்தார்கள். ரொபஸ்டாவும் யூஜினியாய்ட்ஸ் என்ற காட்டு இனமும் சுமார் ஆறு லட்சம் ஆண்டுகளுக்கு முன் தானாகவே கலந்து பிறந்ததுதான் அரபிகா என்பது அதில் உறுதியானது. அதன் பிறகு வந்த தலைமுறைகள் எல்லாம் ஒரே குடும்பம் போல. மரபணு வேறுபாடு மிகக் குறைவு. ஒரு செடியைச் சாய்க்கும் நோய் பக்கத்துச் செடியையும் சாய்ப்பது இதனால்தான்.

எனவே நோயைத் தாங்கும் சக்தியை வேறு இனத்திலிருந்துதான் வாங்க வேண்டும். இந்த வேலை நம் நாட்டில் எப்போதோ தொடங்கிவிட்டது. 1925இல் கர்நாடகத்தின் பாலேஹொன்னூரில் காப்பி ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. துருப் பூஞ்சை ஒன்றல்ல, அதில் பல ரகங்கள் உண்டு என்பதை 1930களில் அங்கே மேய்ன் என்ற விஞ்ஞானி காட்டினார். லைபீரிகா என்ற காப்பி இனத்தின் எதிர்ப்பு மரபணுவைச் சுமந்த ஒரு செடியைக் கென்ட் என்ற அரபிகா வகையோடு இனக்கலப்புச் செய்து எஸ்.795 என்ற ரகத்தை உருவாக்கி 1940களில் வெளியிட்டார்கள். தென்னிந்தியத் தோட்டக்காரர்களுக்கு அது இன்றும் பழக்கமான பெயர்.

பூஞ்சையும் சும்மா இருக்கவில்லை. எஸ்.795இன் காப்பை உடைக்கும் புதிய ரகங்கள் தோன்றின. இதற்குப் பதில், ஒரே செடியில் இரண்டு மூன்று எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்ப்பது. ஆனால் நோயே வராத செடியில் ஒரு மரபணு இருக்கிறதா, இரண்டு இருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. காப்பி காய்ப்புக்கு வரவே மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். ஒரு ரகத்தைத் தேர்ந்தெடுக்கப் பல பத்தாண்டுகள்.

இங்கேதான் டி.என்.ஏ. அடையாளங்கள் உதவுகின்றன. லைபீரிகாவிலிருந்து வந்த எஸ்.எச்.3 என்ற எதிர்ப்பு மரபணுவை ஒட்டியுள்ள அடையாளங்களை, இந்தியக் காப்பி வாரியத்தின் விஞ்ஞானிகளும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் சேர்ந்து கண்டறிந்தார்கள். நாற்றங்காலிலேயே இலைத்துண்டு ஒன்றைக் கிள்ளிச் சோதித்தால் போதும். தேறாத நாற்றுகளை அன்றே ஒதுக்கலாம். நிலமும் வருடங்களும் மிச்சம்.

சேர்வராயன் மலையில் பெரிய எஸ்டேட்டுகள் மட்டுமல்ல, மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களின் சிறு தோட்டங்களும் உள்ளன. துருவைத் தடுக்கப் போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லி தெளிக்க ஆள்கூலி, மருந்து, மழைக்கு முந்திய அவசரம் எல்லாம் அவர்களுக்குப் பெரிய பாரம். காப்பியைத் தாக்கும் தண்டுத் துளைப்பான் வண்டுக்கு இந்த அடையாளச் சோதனை தீர்வாகாது. அதற்கு நிழல் மேலாண்மையும் கண்காணிப்பும் தொடர வேண்டும். ஆனால் துருவைத் தாங்கும் நல்ல விதை இந்தச் சிறு விவசாயிகளின் கைக்கு முதலில் கிடைத்தால், ஆய்வகத்தில் செலவிட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் மலையில் கணக்குக் காட்ட முடியும். விதை வழங்கும் திட்டங்களில் அவர்களை வரிசையின் முன்னால் நிறுத்துவது காப்பி வாரியமும் அரசும் செய்ய வேண்டிய வேலை.