ஏட்டுச் சுரைக்காய்க்கு எத்தனை கோடி?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள் நம் ஊர்ப் பெரியவர்கள். எழுதி வைத்த சுரைக்காயை அரியவும் முடியாது, அடுப்பில் ஏற்றவும் முடியாது, பசித்த பிள்ளைக்குப் பரிமாறவும் முடியாது. அந்த ஏட்டுச் சுரைக்காய்க்கு அமெரிக்க அரசு கொடுத்த விலை என்ன தெரியுமா, தோழர்களே? 47 கோடியே 20 லட்சம் டாலர்!

நாம் கற்பனை செய்து கூறவில்லை. காழ்ப்பினால் கூட்டிச் சொல்லவும் இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கணக்குப் பார்த்துச் சொல்லும் அலுவலகம் 2021 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை அது. கரியமில வாயுவைப் பிடித்து மண்ணுக்கடியில் அடைக்க நான்கு நிலையங்கள் அமைப்பதாகத் திட்டம். அவற்றை வரையறுக்கவும் வடிவமைக்கவும் மட்டுமே ஏறத்தாழ இவ்வளவு பணம் போயிற்று. முதலில் எண்ணிய தொகையைக் காட்டிலும் ஏறத்தாழ 30 கோடி டாலர் கூடுதல்! நான்கில் எத்தனை எழுந்தன? ஒன்றுகூட எழவில்லை. போட்ட வரைபடம் பெட்டிக்குள்ளே. கொடுத்த பணம் கணக்குப் புத்தகத்திலே!

இதைக் கேட்டதும், "பார்த்தீர்களா, பகற்கொள்ளை!" என்று கூவி எழுந்துவிடுவது எளிது. நாம் அப்படி எழப்போவதில்லை. வரைபடத்துக்குப் பணம் கொடுத்ததா குற்றம்? கொடுத்த முறையா குற்றம்? இரண்டையும் பிரித்துப் பார்க்காதவன், நோயைக் கண்டு மருந்தையும் சேர்த்துக் கொட்டிவிடுவான்.

முதலில், இந்த வாயுவைப் பிடிக்கும் வேலை என்ன என்று பார்ப்போம். சிமெண்டு ஆலையிலே சுண்ணாம்புக் கல்லைச் சூளையிலிட்டுச் சுடுகிறார்கள். சுடும்போது, கல்லுக்குள்ளே அடங்கிக் கிடந்த கரியமில வாயு வெளியேறுகிறது. ஆலை விடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 60 விழுக்காடு இப்படிக் கல்லிலிருந்தே கிளம்புவது. நிலக்கரியை நிறுத்தி வேறெதை எரித்தாலும் இது நிற்காது. ஆலையை மூடலாம் என்பார் சிலர். மூடினால் வீடு எதனால் கட்டுவது? அங்கே வேர்வை சிந்தும் தொழிலாளி எங்கே போவது? ஆகவேதான், ஆலையும் ஓட வேண்டும், வாயுவும் வானுக்குப் போகக்கூடாது என்றால், பிடித்து அடைப்பது ஒரு வழி என்கிறார்கள்.

பிடிக்கும் முறை இது. புகைபோக்கிக்குப் போகும் புகையை ஓர் உயர்ந்த கோபுரத்துக்குள் திருப்புகிறார்கள். மேலிருந்து அமீன் என்னும் இரசாயனக் கரைசல் மழைபோல் இறங்குகிறது. புகையிலுள்ள கரியமில வாயுவைப் பற்றிக்கொள்கிறது. அந்தக் கரைசலை வேறொரு கோபுரத்திலே நீராவியால் சூடாக்கினால், பற்றியதை விட்டுவிடுகிறது. விட்ட வாயுவை அழுத்தி, குழாயிலோ கப்பலிலோ கொண்டுபோய், நிலத்துக்கடியில் 800 மீட்டருக்கும் கீழே, நுண்துளைகள் நிறைந்த பாறையிலே செலுத்துகிறார்கள்.

சொல்வது எளிது; செய்வது அரிது. சூடாக்கும் நீராவி எங்கிருந்து வரும்? அழுத்தும் மின்சாரம் எவ்வளவு? குழாய் யார் நிலத்தின் வழியே போகும்? அடியிலுள்ள பாறைமீது வாயுவைக் கசியவிடாத மூடிப்பாறை உண்டா? மொத்தச் செலவு என்ன? இத்தனைக்கும் பதில் கண்டு, படம் போட்டு, விலைப் பட்டியல் எழுதித் தருவதே வடிவமைப்பு ஆய்வு. அதற்கே பல கோடி ஆகும். பல மாதங்கள் பிடிக்கும்.

அந்தப் படம் இல்லாமல் கட்டினால் என்ன ஆகும்? மிசிசிப்பி மாநிலத்திலே கெம்பர் என்னும் இடம் சாட்சி சொல்கிறது. நிலக்கரியை வாயுவாக்கி, கரியமில வாயுவைப் பிரித்தெடுத்து, மின்சாரம் செய்வதாகச் சொல்லி, வடிவமைப்பு முழுமை பெறும் முன்பே 2010 இல் கட்டத் தொடங்கினார்கள். 300 கோடி டாலருக்குள் முடியும் என்றார்கள். 750 கோடியைத் தொட்டது! 2017 இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். 2021 இல் வெடிவைத்து இடித்துத் தள்ளினார்கள். கட்டிய பின்னே கண்ணீர் வடிப்பதைவிட, காகிதத்திலேயே தவற்றைக் கண்டுபிடிப்பது ஆயிரம் மடங்கு மேல் அல்லவா? ஆகவே, "வரைபடத்துக்குப் பணமா?" என்று ஏளனம் செய்வோரோடு நாம் சேரமாட்டோம்.

"சரி, முதலாளி தன் பணத்தில் வரையட்டுமே, மக்கள் பணம் எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பிடித்த வாயுவுக்கு வாங்குவோர் இருந்தால் முதலாளி தானே செய்வான். நம் தூத்துக்குடியிலே ஓர் ஆலை அதைச் செய்து காட்டிற்று. 2016 இல், தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா சாம்பல் செய்யத் தொடங்கியது. அரசு மானியம் வாங்கவில்லை. ஆனால் அங்கே திட்டமிட்டது ஆண்டுக்கு 60,000 டன். பெரிய சிமெண்டு ஆலை விடுவதோ பல லட்சம் டன். அவ்வளவையும் வாங்க ஆளில்லை, புதைக்கத்தான் வேண்டும். புகையை விடுவதற்குக் கட்டணம் இல்லாத நாட்டிலே, புதைப்பதற்குப் பணம் போடும் முதலாளி ஏது? அதனால்தான் அரசின் வாசலில் வந்து நிற்கிறார்கள்.

சரி, அரசு கொடுக்கட்டும். எப்படிக் கொடுக்க வேண்டும்? அங்கேதான், தோழர்களே, அந்த அமெரிக்கக் கணக்கறிக்கை நமக்கு நல்ல பாடம் சொல்கிறது. 2009 இல் பொருளாதார மந்தத்தைப் போக்க ஒதுக்கிய பணம் வந்து குவிந்தது. அதே எரிசக்தித் துறை, அதே காலம். ஆனால் இரண்டு வழிகள்!

முதல் வழி, நிலக்கரித் திட்டங்களுக்கு. தேர்ந்தெடுத்த அன்றே, முழுமைக்கும் கைகொடுத்துவிட்டார்கள். ஓராண்டு வரை நடத்த வேண்டிய ஒப்பந்தப் பேச்சை மூன்று மாதத்துக்குள் முடித்தார்கள். ஏன் இந்த அவசரம்? பணத்தை விரைவாகச் செலவிட வேண்டுமாம்! குறித்த கெடுவுக்குள் குறித்த வேலை முடியவில்லை என்று தெரிந்தும் பணத்தை நிறுத்தவில்லை. செலவைக் கட்டுப்படுத்தும் வேலியையும் தாண்டினார்கள். முடிவு? எட்டுத் திட்டங்களுக்கு 68 கோடியே 40 லட்சம் டாலர். எழுந்து நின்றது ஒன்றே ஒன்று. டெக்சாசிலே பெட்ரா நோவா என்னும் அந்த நிலையமும் 2017 இல் தொடங்கி, 2020 இல் எண்ணெய் விலை விழுந்ததும் நின்று, 2023 இல்தான் மீண்டும் ஓடியது.

இரண்டாம் வழி, தொழிற்சாலைகளுக்கு. 2009 அக்டோபரில் 12 திட்டங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். முழுப் பணம் தரவில்லை. "முதலில் வரைந்து கொண்டு வாருங்கள்" என்று 12க்கும் சேர்த்து 2 கோடியே 16 லட்சம் டாலர் மட்டும் தந்தார்கள். வந்த படங்களை வைத்துப் பார்த்து, 2010 இல் மூன்றை மட்டும் கட்டத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்றில் இரண்டு கட்டப்பட்டன. டெக்சாசின் போர்ட் ஆர்தரிலே ஹைட்ரஜன் நிலையம் ஒன்று. இல்லினாயின் டெக்கேட்டரிலே மக்காச்சோளத்தைப் புளிக்கவைத்து எத்தனால் செய்யும் ஆலை ஒன்று. மூன்றாவது, தாய் ஆலையே கைவிடப்பட்டதால் நின்றது.

ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஒரு பானை கருகிற்று, ஒரு பானை வெந்தது! தொழிற்சாலை வாயுவைப் பிடிப்பது எளிது என்பதும் ஒரு காரணம். புளிக்கும்போது வரும் வாயு ஏறக்குறைய கலப்பில்லாதது. ஆயினும், படியேறிப் பணம் கொடுத்ததற்கும், பார்க்காமல் பணம் கொட்டியதற்கும் உள்ள வேற்றுமையை மறைக்க முடியுமா?

வெந்த பானையிலும் குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறோம். போர்ட் ஆர்தரில் பிடித்த வாயு பழைய எண்ணெய்க் கிணறுகளுக்குப் போய், இன்னும் எண்ணெயை மேலே தள்ளவே பயன்பட்டது. டெக்கேட்டரிலே கண்காணிப்புக் கிணறு ஒன்றின் வழியே கசிவு ஏற்பட்டது 2024 இல் வெளியே தெரிந்து, செலுத்துவதைச் சில காலம் நிறுத்த நேர்ந்தது. கட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று எவரும் கைகழுவ முடியாது.

பிரிட்டனைப் பாருங்கள். இரண்டு முறை போட்டி வைத்தார்கள். 2007 இல் தொடங்கிய முதல் போட்டி 2011 இல் கலைந்தது. 2012 இல் தொடங்கிய இரண்டாம் போட்டிக்கு 100 கோடி பவுன் என்றார்கள். பீட்டர்ஹெட், ஒயிட் ரோஸ் என்ற இரண்டு திட்டங்கள் வரைபடத்தை ஏறக்குறைய முடித்து நின்ற வேளையில், 2015 நவம்பரில் பணம் இல்லை என்று கைவிரித்தார்கள். இரண்டு போட்டிகளுக்கும் சேர்த்து 16 கோடியே 80 லட்சம் பவுன் செலவானதாக அங்குள்ள கணக்கு அலுவலகம் 2017 இல் கூறிற்று. ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தார்கள்: அந்தத் திட்டங்களின் வடிவமைப்பு ஏடுகளைப் பொதுமக்கள் பார்க்க வெளியிட்டார்கள். கட்டடம் கிடைக்கவில்லை, காகிதமாவது கொடுத்தவன் கைக்கு வந்தது!

விழுந்தும் எழுந்த நாடு நார்வே. 2007 புத்தாண்டு நாளன்று அந்நாட்டுப் பிரதமர், மோங்ஸ்டாட் என்னும் இடத்தில் வாயு பிடிக்கும் திட்டத்தை, நிலவில் இறங்குவதற்கு ஒப்பான முயற்சி என்று முழங்கினார். 2013 இல் அந்த முழக்கம் அடங்கிற்று, பெருந்திட்டம் கைவிடப்பட்டது. அவமானம்தான். ஆனால் அவர்கள் பாடம் படித்தார்கள். அடுத்த முறை மூன்று ஆலைகளை எடுத்து, படிப்படியாக ஆராய வைத்தார்கள்: பிரெவிக்கில் சிமெண்டு ஆலை, போர்ஸ்குருனில் உரத்துக்கான அமோனியா ஆலை, ஆஸ்லோவில் குப்பை எரிக்கும் நிலையம். 2018 இல் அமோனியா ஆலை விலக்கப்பட்டது. எஞ்சிய இரண்டும் வடிவமைப்பை முடித்தன. நாடாளுமன்றம் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு விவாதித்து, 2020 டிசம்பரில் பிரெவிக்குக்குப் பணம் தந்தது. 2025 ஜூனில் அந்த நிலையம் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 4 லட்சம் டன், அதாவது ஆலை விடும் வாயுவில் பாதியைப் பிடித்துக் கப்பலேற்றி, கடலடியில் 2,600 மீட்டர் ஆழத்தில் அடைக்கும் திட்டம் அது.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். வேலைவாய்ப்பு என்ன ஆகும் என்று ஆராயுமாறு 2018 இல் அங்கே கேட்டவர்களில் முதலாளிகள் கூட்டமைப்பும் உண்டு, தொழிற்சங்கக் கூட்டமைப்பும் உண்டு. பொறியாளர் மட்டும் மூடிய அறையிலே உட்கார்ந்து வரைந்த படம் அல்ல. பாட்டாளியும் உட்கார்ந்து கேள்வி கேட்ட படம்!

மீண்டும் அமெரிக்காவுக்கு வருவோம். முன்பு, கட்டத் தகுதியில்லாததற்குப் பணம் கொட்டினார்கள். பின்பு செய்தது அதற்கு நேர்மாறு. இந்தியானா மாநிலத்தின் மிட்செல் நகரச் சிமெண்டு ஆலையில் வாயு பிடிக்கும் வடிவமைப்பு ஆய்வுக்கு அரசு உதவிற்று. 2024 மார்ச்சில், கட்டுவதற்கு 50 கோடி டாலர் வரை தருவோம் என்று அறிவித்தது. ஆட்சி மாறிற்று. 2025 மே 30 அன்று, 24 திட்டங்களுக்கான ஏறத்தாழ 370 கோடி டாலரை ஒரே அறிவிப்பில் ரத்துச் செய்தார்கள். மிட்செலும் அதில் போயிற்று. பொருளாதாரத்துக்கு உகந்ததல்ல என்றார் எரிசக்தி அமைச்சர். நாம் கேட்கிறோம்: உகந்ததா இல்லையா என்று கண்டறியத்தானே ஆய்வு? ஒவ்வோர் ஆட்சியும் முந்தைய ஆட்சியின் வரைபடத்தைக் கிழித்தால், தன் ஊருக்கு வேலை வரும் என்று காத்திருந்த தொழிலாளி எதை நம்புவான்?

ஆகவே, வடிவமைப்புக்கு மானியம் தரும் எந்த அரசையும் பார்த்து நாம் கேட்க வேண்டியவை நான்கு.

பணத்தைப் படியளந்து கொடு. முதல் படி முடிந்ததைக் கண்ணால் கண்ட பிறகே இரண்டாம் படிக்குப் பணம். "இது ஆகாது" என்று ஓர் ஆய்வு நேர்மையாகச் சொல்லுமானால் அதுவும் ஆதாயமே. சிறு செலவில் பெரு நட்டம் தப்பிற்று.

வரைபடத்தை வெளியிடு. மக்கள் பணத்தில் வரைந்தது மக்கள் சொத்து. அடுத்த ஆலை அதே கேள்விக்கு அதே விலையை மறுபடியும் கொடுக்கும்படி செய்வது அறிவுடைமை ஆகாது.

தொழிலாளியையும் குழாய் போகும் வழியிலுள்ள குடியானவனையும் வரைபடம் போடும் நாளிலேயே அழைத்துப் பேசு. கசிவு என்றால் முதலில் மூச்சுத் திணறுபவன் அவன்தான்.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: புகைக்கு விலை வை. நார்வே 1991 இல் கடலோர எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள்மீது கரியமில வாயு வரி விதித்தது. வரி கட்டுவதைவிடப் புதைப்பது மலிவு என்று கண்ட நிறுவனம், ஸ்லைப்னர் என்னும் கடல் வயலில் 1996 முதல் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டன் வாயுவைக் கடலடிப் பாறையில் செலுத்தத் தொடங்கிற்று. கெஞ்சிக் கொடுத்த மானியம் செய்யாததை, கேட்டு வாங்கிய வரி செய்தது! விட்டால் கட்டணம் உண்டு என்று தெரிந்த முதலாளி, வரைபடத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கமாட்டான்; அவனே கொத்தனாரைத் தேடி ஓடுவான்.

ஏட்டிலே எழுதாதே என்று நாம் சொல்லவில்லை, தோழர்களே! எங்கே விதைப்பது, எவ்வளவு நீர், எந்தப் பந்தல் என்று எழுதித்தான் ஆக வேண்டும். எழுதியவனிடம், "விதை எப்போது ஊன்றுவாய்? கொடி எந்தக் கூரையில் ஏறும்? காய் யார் வீட்டுக் கறிக்கு?" என்று நாள் குறித்துக் கேளுங்கள். அந்த ஏட்டுக்கு விலை கொடுத்தவன், கூலியிலிருந்து வரி கட்டிய தொழிலாளி. கேட்கும் உரிமையும் அவனுடையதே.