வீட்டுத் தோட்டத்தில் சீமை அத்தி: நோயாளிகளும் பராமரிப்பவர்களும் அறிய வேண்டியவை

நெய்வேலி நகரியக் குடியிருப்புகளில் வீட்டைச் சுற்றிச் சிறிதளவேனும் மண் இருப்பதால், முருங்கை, கொய்யா ஆகியவற்றோடு சீமை அத்தியையும் வளர்க்க இயலும். மலச்சிக்கலால் வருந்தும் முதியவர்களுக்காகவும், உடல் தேறி வருபவர்களுக்காகவும் பலர் இதனை நட விரும்புகின்றனர். காயாக இருக்கும்போதும், கனிந்தபோதும், உலர்ந்தபோதும் இப்பழம் உடலில் வெவ்வேறு விதமாகச் செயல்படுகிறது. ஆகவே அதனை எப்போது பறிப்பது என்பதை நோயாளியின் நிலையோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

முதலில் ஓர் ஐயம். அத்திப்பழத்தைப் பிட்டால் உள்ளே புழு இருக்கும் என்று பழமொழி கூறுவது, அடிமரத்தில் கொத்தாகக் காய்க்கும் நாட்டு அத்தியைப் பற்றியது. புனே, பிரவுன் டர்க்கி போன்ற சீமை அத்தி வகைகள் மகரந்தச் சேர்க்கை இன்றியே பழுப்பவை. அவற்றுக்குக் குளவிகள் தேவையில்லை.

நடவும் பராமரிப்பும்

முற்றிய கிளையிலிருந்து ஓர் அடி நீளத்திற்குச் சற்றுக் குறைவான போத்தை வெட்டி நட்டால் வேர்விடும். இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டில் காய்ப்பு தொடங்கும். இவ்வூரின் செம்மண்ணுடன் மணலும் மட்கிய தொழு உரமும் கலந்தால் நீர் நன்றாக வடியும். தொட்டியில் வளர்ப்பவர்கள் அடித்தட்டில் தேங்கும் நீரை வாரத்திற்கு ஒருமுறையேனும் கொட்டிவிட வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அத்தகைய தெளிந்த நீரிலேயே முட்டையிடுகிறது.

புதிய தளிர்க்கிளைகளிலேயே காய்கள் தோன்றுவதால் ஆண்டுதோறும் கவாத்து செய்தல் அவசியம். அவ்வேளையில் வடியும் பால் குறித்து மிகுந்த கவனம் தேவை. இலையிலும் தண்டிலும் உள்ள பால் தோலில் பட்டு, அதன்மீது வெயிலும் பட்டால், ஓரிரு நாட்களில் தோல் சிவந்து கொப்புளங்கள் எழும். பின்னர் கருந்தழும்பு பல வாரங்கள் நீடிக்கும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து மாலையில் கவாத்து செய்யுங்கள். பால் பட்ட இடத்தைச் சோப்பு நீரால் உடனே கழுவுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவிய பின் மருத்துவரை அணுகுங்கள். பாலை மருவின்மீது தடவும் பழக்கத்தைக் கைவிடுவதே நல்லது. ரப்பர் கையுறையால் ஒவ்வாமை ஏற்படுபவர்களுள் சிலருக்கு இப்பழமும் ஒவ்வாமல் போகலாம். வாய் அரிப்பு, உதடு வீக்கம் தோன்றினால் உண்பதை நிறுத்துங்கள். மூச்சுத் திணறல் ஏற்பட்டால் 108-ஐ அழையுங்கள்.

எப்போது பறிப்பது?

வாழையையும் மாவையும் போல இதனைக் காயாகப் பறித்துப் பழுக்க வைக்க இயலாது. முன்னதாகப் பறித்த காய் மென்மையாகலாம். இனிப்பு கூடாது, பாலும் எஞ்சியிருந்து நாக்கையும் உதட்டையும் அரிக்கும். காம்புப் பகுதி தளர்ந்து, நிமிர்ந்திருந்த பழம் தலைசாய்ந்து, தொட்டால் மெத்தென்று இருப்பதே பழுத்ததன் அடையாளம். காம்பில் வெண்பால் கசிந்தால் மேலும் சில நாட்கள் விட்டுவையுங்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். மழைக்காலத்தில் பழம் வெடித்து, அடியிலுள்ள சிறு துளை வழியே பூச்சிகள் புகும். புளித்த வாடை வீசும் பழத்தை, எவ்வளவு ஆசையாக வளர்த்ததாயினும், நோயாளிக்குத் தர வேண்டாம்.

பறித்த பழத்தைக் குளிர்பதனப் பெட்டியில் இரண்டு அல்லது மூன்று நாட்களுக்குள் உண்டு முடிப்பது நலம். அனல்மின் நிலையங்கள் உள்ள ஊராதலால் சாம்பலும் தூசியும் படிந்திருக்கக்கூடும். உண்பதற்கு முன் ஓடும் நீரில் கழுவுங்கள். பல் இல்லாத முதியவர்களுக்குத் தோலை நீக்கிச் சதையை மட்டும் மசித்துக் கொடுக்கலாம்.

யாருக்கு எவ்வளவு?

100 கிராம் புதிய பழத்தில், அதாவது நடுத்தர அளவில் இரண்டு பழங்களில், ஏறத்தாழ 16 கிராம் சர்க்கரையும் 3 கிராம் நார்ச்சத்தும் உள்ளன. அதே எடையுள்ள உலர்பழத்தில் சர்க்கரை 48 கிராம் அளவிற்கு உயர்கிறது. நீர் வற்றிச் சுருங்குவதால் கைப்பிடி உலர்பழம் எளிதில் உள்ளே சென்றுவிடும். நீரிழிவு உள்ளவர்கள் தம் உணவுத் திட்டத்தில் வேறொரு பழத்திற்கு மாற்றாக மட்டுமே இதனை உண்ண வேண்டும். அத்தி இலைக் கஷாயத்தை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தாதீர்கள்.

சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு, குறிப்பாக டயாலிசிஸ் பெறுபவர்களுக்கு, உலர் அத்தியின் பொட்டாசியம் ஆபத்தாகலாம். 100 கிராமில் அது 680 மில்லிகிராம் வரை உள்ளது. மருத்துவரின் ஒப்புதலின்றி அவர்களுக்கு அதனைக் கொடுக்க வேண்டாம்.

மிஞ்சும் பழங்களை வீட்டிலேயே உலர்த்த நினைப்பவர்கள் கோடையில், கடும் வெயிலில், வலை மூடி உலர்த்தலாம். கடலூர் மாவட்டத்தின் ஈரக்காற்றிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் உலர்த்தினால் பூஞ்சை பிடிக்கும். அதிலிருந்து உருவாகக்கூடிய அஃப்ளாடாக்சின் கல்லீரலைப் பாதிக்கும் நஞ்சு. பூஞ்சை படிந்த பகுதியை மட்டும் நீக்கி எஞ்சியதை உண்பது பாதுகாப்பானதன்று. முழுப் பழத்தையும் அப்புறப்படுத்துங்கள்.