பேரிமரத்தின் பேர்

கொடைக்கானல் பஸ் நிலையத்துக்கு வெளியே கூடையில் குவித்து விற்கிற நாட்டுப் பேரிக்காயை வாங்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக் கடித்திருப்பீர்கள். அந்தக் காயின் பெயர் தமிழில் பிறந்ததில்லை. சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் வந்த அதே போர்ச்சுகீசியக் கப்பலில்தான் அதுவும் வந்தது. போர்ச்சுகீசியத்தில் 'பேரா' என்றால் பேரிப்பழம். கப்பலில் வந்தவர்கள் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கொய்யாவையும் இந்தியக் கரைகளில் 'பேரா' என்றே அழைத்தார்கள். இன்றும் மலையாளத்தில் கொய்யா பேரய்க்கா, சிங்களத்தில் பேர.

பழம் 'பேரா' என்றால் மரம் 'பெரெய்ரா'. தூத்துக்குடிப் பக்கத்துப் பெரைராவும் கொழும்புப் பெரேராவும் கோவாவின் கல்லறைக் கற்களில் இருக்கிற பெரெய்ராவும் சொல்வது ஒன்றைத்தான்: பேரிமரத்தார். புன்னைக்காயல், ஆலங்குளம் என்று மரத்தின் பேரில் ஊர் வைத்துப் பழகிய நமக்கு இதில் அதிசயம் எதுவும் இல்லை. மரம் ஊராகி, ஊர் குடும்பமாகி, குடும்பம் கடல் தாண்டியது எப்படி என்பதுதான் கதை.

சொல்லின் நடுவில் இருக்கிற 'எய்' என்ற ஒலியிலிருந்து தொடங்கலாம். இந்தப் பெயரின் பிறவி மச்சம் அதுதான். லத்தீனில் ஒரு பொருளைத் தருகிற மரத்துக்கும், அது விளைகிற இடத்துக்கும் 'ஆரியா' என்று ஒரு விகுதி உண்டு. ஐபீரிய தீபகற்பத்தின் வடமேற்கு மூலையில் இருந்தவர்கள் வாயில் அதன் இகரம் நழுவி முன்னால் வந்து, 'ஆரியா' முதலில் 'அய்ரா' ஆனது, பிறகு 'எய்ரா' ஆனது. கிழக்கே காஸ்டீலியர்கள் அதையும் தேய்த்து 'ஏரா' ஆக்கிவிட்டார்கள். இரும்பு வெட்டுகிற இடத்துக்கு வடமேற்கில் ஃபெரெய்ரா என்று பெயர். காஸ்டீலியத்தில் அதே சொல் ஹெரேரா. ஆலிவ் மரத்தின் ஒலிவெய்ரா, அக்ரூட்டின் நொகெய்ரா, அத்தியின் ஃபிகெய்ரா, முசுக்கட்டையின் மொரெய்ரா எல்லாம் பெரெய்ராவோடு ஒரே தோப்பில் வளர்ந்த பெயர்கள்.

அந்த வடமேற்கு மூலை இன்று இரண்டு நாடுகளில் கிடக்கிறது. மின்யோ ஆற்றுக்குத் தெற்கே போர்ச்சுகல், வடக்கே ஸ்பெயினின் கலிசியா. 1143இல் சமோராவில் ஒப்பந்தம் ஆகி, போர்ச்சுகல் தனி அரசானது. எல்லையை அரசர்கள் ஆற்றின் நடுவே போட்டார்கள். பேச்சு அதற்குப் பிறகும் சில நூற்றாண்டுகள் இரு கரையிலும் ஒன்றாகவே இருந்தது. அதனால்தான் பெரெய்ரா என்ற பெயர் இரு கரைக்கும் சொந்தம். ஸ்பெயினின் குடும்பப்பெயர் வரைபடத்தில் இந்தப் பெயர் செறிந்து தெரிவது கலிசியாவில். ஒவுரென்சே நகரத்துக்குப் பக்கத்தில் பெரெய்ரோ தெ அகியார் என்று ஆண்பால் வடிவத்தில் ஓர் ஊராட்சியே இருக்கிறது. பேரிமரம் நின்ற மேடும் பண்ணையும் குக்கிராமமும் வடமேற்கில் ஏராளம். ஒவ்வொன்றிலிருந்தும் யாராவது ஒருவர் வெளியே போய், 'பெரெய்ராக்காரர்' ஆகியிருக்கிறார். ஆகவே 'முதல் பெரெய்ரா யார்?' என்று கேட்பது 'முதல் புதூர்க்காரர் யார்?' என்று கேட்பதைப் போன்றது.

ஆனால் புகழ்பெற்ற ஒரு பெரெய்ராக் குடும்பம் உண்டு. அதன் மூன்று தலைமுறையை வரிசையாக நிறுத்தினால் குடும்பப்பெயர் என்ற ஏற்பாடு எப்படி வேலை செய்தது என்று நன்றாகத் தெரியும். தாத்தா கொன்சாலோ பெரெய்ரா. மகன் ஆல்வாரோ கொன்சால்வெஷ் பெரெய்ரா. பேரன் நூனோ ஆல்வாரெஷ் பெரெய்ரா. நடுவில் நிற்பது நம்மூர் இனிஷியல்தான். கொன்சாலோவின் மகன் கொன்சால்வெஷ். ஆல்வாரோவின் மகன் ஆல்வாரெஷ். தலைமுறைக்குத் தலைமுறை அது மாறுகிறது. கடைசியில் இருக்கிற பெரெய்ரா மட்டும் அசையவில்லை. தகப்பன் பெயர் மாறும், நிலத்தின் பெயர் நிற்கும். பின்னால் அந்த இனிஷியல்களும் உறைந்துபோய், ஆல்வாரோவுக்குப் பிறக்காதவர்களும் ஆல்வாரெஷ் ஆனார்கள். அது வேறு கதை.

இன்னொரு விஷயமும் கண்ணில் படும். தாத்தா கொன்சாலோ பிராகா நகரத்தின் பேராயர். மகன் ஆல்வாரோ ஒரு துறவுப் படையணியின் மடத்தலைவர். பேரனைப் பெறுகிற இடத்தில் இருந்திருக்கக்கூடாத இருவர் வழியாகத்தான் போர்ச்சுகலின் மாபெரும் தளபதி பிறந்தார். அரசரிடம் மனுப் போட்டுப் பிள்ளையைச் சட்டபூர்வமாக்கிக்கொள்வது அன்றைய வழக்கம். நூனோவுக்கும் அப்படித்தான் நடந்தது.

1360இல் பிறந்த நூனோ ஆல்வாரெஷ் பெரெய்ரா, 1385 ஆகஸ்ட் 14 அன்று அல்ஜுபரோத்தாவில் தன்னைவிடப் பெரிய காஸ்டீலியப் படையை முறியடித்தார். எதிரிப் படையில் அவருடைய சொந்தச் சகோதரர்களும் இருந்தார்கள், அதே பெரெய்ரா என்ற பெயரோடு. வயதான காலத்தில் எல்லாவற்றையும் உதறிவிட்டு, தான் லிஸ்பனில் கட்டிய கார்மு மடத்திலேயே எளிய துறவியாகச் சேர்ந்து 1431இல் இறந்தார். 1755 பூகம்பத்தில் கூரை இழந்த அந்த மடத்துக் கோயில் இன்றும் வானத்தைப் பார்த்தபடி நிற்கிறது. 2009இல் போப் பதினாறாம் பெனடிக்ட் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்.

நூனோவின் மகள் பெயத்ரிஸை அரசரின் மகன் அஃபோன்சோ மணந்தார். அவர்கள் வழி வந்ததுதான் பிரகன்சா வம்சம். 1640 முதல் 1910 வரை போர்ச்சுகலை ஆண்டதும், 19ஆம் நூற்றாண்டில் பிரேசிலுக்குப் பேரரசர்களைக் கொடுத்ததும் அந்த வம்சம். அத்தனை அரசர்கள் உடம்பிலும் பெரெய்ராவின் ரத்தம் ஓடியது, ஒருவர் பெயரிலும் பெரெய்ரா இல்லை. கொழும்பில் பஸ் ஓட்டுகிற ஒரு பெரேராவுக்கு நேர் எதிரான நிலைமை: பெயர் உண்டு, அந்த ரத்தம் இல்லை. குடும்பப்பெயர் ரத்தத்தின் கூடவே ஓடும் என்று நாம் நம்புவதுதான் இங்கே முதலில் உடைகிறது.

உடைய வேண்டிய இன்னொரு நம்பிக்கையும் உண்டு. மரப்பெயர் வைத்திருக்கிற போர்ச்சுகீசியர்கள் எல்லாரும் யூத வழியினர் என்று அடிக்கடி சொல்லக் கேட்கலாம். 1497இல் மன்னர் மனுவேல் யூதர்களைக் கூட்டம் கூட்டமாக மதம் மாற்றியபோது, அவர்கள் பெரெய்ரா, ஒலிவெய்ரா என்று பெயர் எடுத்துக்கொண்டார்களாம். ஆனால் பேராயர் கொன்சாலோ பெரெய்ரா 1348இலேயே இறந்துவிட்டார். மதம் மாறியவர்கள் ஊரில் எல்லாரும் வைத்திருந்த பெயர்களைத்தான் வைத்துக்கொண்டார்கள். அடையாளம் மறைக்க நினைப்பவர் அபூர்வமான பெயரையா தேடுவார்? யூதப் பெரெய்ராக்கள் நிச்சயமாக இருந்தார்கள். 1715இல் ஸ்பெயினில் பிறந்து பிரான்சுக்குப் போன ஜாக்கோப் ரொட்ரிகெஸ் பெரெய்ரா, காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுச் சொல்லிக்கொடுத்து, பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன்னால் தன் மாணவனைப் பேசவைத்துக் காட்டியவர். அவருடைய பேரன்கள் எமில், இசாக் இருவரும் பெயரைப் பிரெஞ்சாக்கி 'பெரேர்' என்று எழுதினார்கள். 1837இல் திறந்த, பாரிஸின் முதல் பயணிகள் ரயில் பாதை எமிலின் முயற்சி. 1852இல் சகோதரர்கள் தொடங்கிய வங்கி பிரான்சின் பெரிய நிறுவனங்களில் ஒன்றானது. பாரிஸில் அவர்கள் பெயரில் இன்றும் ஒரு மெட்ரோ நிலையம் இருக்கிறது.

ஒரு பெயர் ஏன் பெருகுகிறது, இன்னொன்று ஏன் அழிகிறது? 1873இல் பிரான்சிஸ் கால்டன் இதை ஒரு கணக்காகவே போட்டார். ஒவ்வோர் ஆணுக்கும் எத்தனை மகன்கள் பிறக்கலாம் என்ற வாய்ப்பு தெரிந்தால், எத்தனை குடும்பப்பெயர்கள் அற்றுப்போகும்? ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடை எழுதினார்: எல்லாமே கடைசியில் அற்றுப்போகும். அதில் ஒரு பிழை இருந்தது. சமன்பாட்டின் இன்னொரு தீர்வை அவர் கவனிக்கவில்லை. ஒருவருக்குச் சராசரியாக ஒன்றுக்கு மேல் மகன்கள் பிறந்தால் சில பெயர்கள் தப்பும். அணு உலையின் தொடர்வினை வரைக்கும் இன்று பயன்படுகிற கணிதம் அது. ஆனால் பெரெய்ராவுக்கு அது பொருந்தாது. கால்டனின் கணக்கில் பெயர் மகன் வழியாக மட்டும்தான் போகும். பெரெய்ராவோ தண்ணீர்த் தொட்டி வழியாகப் பெருகியது. ஞானஸ்நானத் தொட்டி.

முத்துக்குளித்துறையில் பரதவர்கள் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். சவேரியார் 1542இல் இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே. கோவாவிலும் இலங்கைக் கரையிலும் அதே நூற்றாண்டில் அதேதான் நடந்தது. தொட்டியருகே நின்ற ஞானத்தகப்பன் பெரெய்ரா என்றால் பிள்ளையும் பெரெய்ரா. பக்கத்தில் நின்ற அண்ணனுக்கு வேறொரு ஞானத்தகப்பன் என்றால் அவர் வேறு பெயர். ஒரே வீட்டுச் சகோதரர்கள் இரண்டு குடும்பப்பெயரோடு வெளியே வந்ததும், உறவே இல்லாத நூறு பேர் ஒரே பெயரோடு வந்ததும் அப்படித்தான். கப்பலில் வந்த ஞானத்தகப்பன்மார் கொஞ்சம், அவர்களிடம் இருந்த பெயர்கள் அதைவிடக் கொஞ்சம். அதனால்தான் இலங்கையில் பெர்னாந்து, பெரேரா, சில்வா என்று விரல்விட்டு எண்ணுகிற சில பெயர்களே தீவெல்லாம் நிரம்பியிருக்கின்றன. பெரேராக்களில் பௌத்தர்கள் ஏராளம். போர்ச்சுகீசியர்கள் 1658இல் தீவை விட்டுப் போனார்கள். பெயர் போகவில்லை.

சிங்களவர்கள் இதைச் சாமர்த்தியமாகக் கையாண்டார்கள். கிரிக்கெட் வீரர் குசல் பெரேராவின் முழுப்பெயர் மாத்துரகே டொன் குசல் ஜனித் பெரேரா. எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்வது முன்னால் இருக்கிற 'மாத்துரகே'. டொன் போர்ச்சுகீசிய மரியாதைச் சொல். பெரேரா கடைசியில் தொங்குகிற வால். பரம்பரையை முன்னால் வைத்துப் பூட்டிவிட்டு, வந்தவர்கள் கொடுத்ததைப் பின்னால் மாட்டிக்கொண்டார்கள்.

நடுவில் இருந்த அந்த 'எய்' என்ன ஆனது? இலங்கையில் 'ஏ' ஆகிவிட்டது, நம் பக்கம் 'ஐ' என்று எழுதுகிறவர்கள் உண்டு. போர்ச்சுகலுக்குள்ளேயே இந்த மூன்றும் இருக்கின்றன என்பதுதான் வேடிக்கை. வடக்கே பெரெய்ரா, லிஸ்பன்காரர் வாயில் அது பெரைராவை நெருங்கும், தெற்கே அலென்தேஜுவில் பெரேரா. லிஸ்பனின் 'ஐ' பிற்காலத்தது என்பதால் நம் ஐகாரம் அதன் வாரிசாக முடியாது. சோம்பல்படும் நாக்கு எந்தக் கரையிலும் ஏறக்குறைய ஒரே குறுக்குவழியைத்தான் கண்டுபிடிக்கிறது.

தொட்டியால் பெருகிய பெயரை அடிமை விலங்கும் பெருக்கியது. பிரேசிலில் பழங்குடியினருக்கும், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்கும் பண்ணைக்காரரின் பெயரோ ஞானத்தகப்பனின் பெயரோ ஒட்டிக்கொண்டது. 1888இல் அடிமைமுறை ஒழிந்தபோது விடுதலையானவர்கள் பலர் அதே பெயரோடு வெளியே வந்தார்கள். 2022 கணக்கெடுப்பின்படி பிரேசிலில் பெரெய்ராக்கள் 60 லட்சத்துக்கு மேல். போர்ச்சுகலின் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ ஒரு கோடிதான்.

பெயரும் ரத்தமும் எப்போதும் கூடவே போவதில்லை என்று மரபணுவும் சொல்லும். தந்தையிடமிருந்து மகனுக்குப் போகிற ஒய் குரோமோசோம் குடும்பப்பெயர் போகிற அதே பாதையில் போகிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜோப்ளிங்கும் பிரிட்டனில் இதைச் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். அட்டன்பரோ போன்ற அபூர்வப் பெயர்க்காரர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவுக்கு ஒரே மூதாதையின் குரோமோசோம் தென்பட்டது. கொல்லர்களின் பெயரான ஸ்மித்தில் தெருவில் போகிற எந்த இருவருக்கும் இருக்கிற ஒற்றுமைதான். பெரெய்ரா அந்த ஸ்மித் வகை. அதுவும் ஊருக்கு ஊர் தனியாகத் தோன்றி, பிறகு தொட்டி வழியாகவும் பண்ணை வழியாகவும் கைமாறிய பெயர்.

மரம் ஊராகி, ஊர் ஆளானது போதாதென்று ஆள் மறுபடியும் ஊரானதும் உண்டு. கொலம்பியாவின் காப்பி மலைகளில் 1863இல் உருவான நகரத்துக்கு ஃபிரான்சிஸ்கோ பெரெய்ரா மார்தினெஸ் என்ற வழக்கறிஞரின் நினைவாகப் பெரெய்ரா என்றே பெயர்.

அமெரிக்காவில் இறங்கியவர்களுக்கு நேர்ந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அசோரஸ், மதெய்ராத் தீவுகளிலிருந்து மாசசூசெட்ஸ் கரைக்கு வந்த பெரெய்ராக்கள் பலர், உள்ளூர் நாக்குக்கு வசதியாகப் பெயரை 'பெர்ரி' என்று மாற்றிக்கொண்டார்கள். ஏரோஸ்மித் குழுவின் கிட்டார்க் கலைஞர் ஜோ பெர்ரியின் தாத்தா மதெய்ராவிலிருந்து வந்த பெரெய்ராதான். ஓசை கிட்டத்தட்ட ஒத்துப்போனது, அதற்காகத்தான் மாற்றினார்கள். ஆனால் பெர்ரி என்பது பழைய ஆங்கிலத்தில் 'பிரியே' என்ற சொல்லிலிருந்து வந்த குடும்பப்பெயர். அதற்கும் பொருள் பேரிமரம்.