புள்ளி சொல்வதும் சொல்லாததும்

1769 ஜூன் 4, விடியற்காலை. புதுச்சேரியில் இடிந்து கிடந்த பிரெஞ்சுக் கோட்டையின் மேல் கட்டிய சிறிய வான்நோக்கு நிலையத்தில், வானியலாளர் கியோம் லெ ஜாந்தீல் தொலைநோக்கியைக் கிழக்கே திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார். மே மாதம் முழுக்கக் காலை வானம் தெளிவாகத்தான் இருந்தது. அன்று பார்த்து மேகம் மூடியது. வெள்ளிக் கோள் சூரிய வட்டத்தைக் கடந்து வெளியேறிய பிறகுதான் மேகம் கலைந்தது. அதன்பின் வெயில் சுள்ளென்று அடித்தது.

அவருக்கு இது இரண்டாவது ஏமாற்றம். வெள்ளி இப்படிச் சூரியனைக் கடக்கும் நிகழ்வான இடைநகர்வு இதற்கு முன் 1761 ஜூன் 6 அன்று நடந்தது; அதைப் புதுச்சேரியில் நின்று அளக்கத்தான் 1760-ல் பிரான்சை விட்டுக் கிளம்பினார். வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது; கப்பல் வந்த வழியே திரும்பியது. உரிய நாளில் வானம் தெளிந்திருந்தும் அவர் இருந்தது நடுக்கடலில். ஆடுகிற கப்பலில் ஊசல் கடிகாரம் ஒழுங்காக ஓடாது. நொடிக்கணக்கு இல்லாமல் பார்த்த காட்சியை வைத்து எதையும் கணக்கிட முடியாது. எட்டு ஆண்டில் இன்னொரு வாய்ப்பு உண்டு, அதை விட்டால் 1874 வரை கிடையாது. ஆகவே ஊருக்குப் போகாமல் இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே தங்கிவிட்டார். 1771-ல் வீடு திரும்பியபோது, அவர் இறந்துவிட்டதாக முடிவுகட்டிச் சொந்தக்காரர்கள் சொத்தைப் பங்கு போடத் தொடங்கியிருந்தார்கள்.

வானியலாளர்களிலேயே அதிர்ஷ்டம் கெட்டவர் என்று இவர் கதையைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. காத்திருந்த நாட்களில் புதுச்சேரியில் தமிழ்க் கணிதர்களிடம் அமர்ந்து, அவர்கள் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டவர் அவர். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று அந்த முறைப்படி போட்ட கணக்கு 41 நொடிதான் குறைந்தது. அன்றைய ஐரோப்பாவில் பெயர்பெற்ற டோபியாஸ் மேயரின் அட்டவணையோ 68 நொடி கூடிப்போனது. இதைத் தம் நூலில் மறைக்காமல் எழுதிவைத்தார். ஒரு காலை நேரத்தை மேகம் பறித்தது உண்மை. அந்த ஆண்டுகள் வீணாகவில்லை.

இத்தனை பாடும் எதற்கு? கோள்களின் தூரங்கள் அன்று விகிதமாகத் தெரியும். சூரியனுக்கும் பூமிக்கும் இடைவெளி 100 பங்கு என்றால், வெள்ளி 72 பங்கில் சுற்றுகிறது என்று கெப்ளர் விதி சொல்லிவிடும். ஒரு பங்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் யாருக்கும் துல்லியமாகத் தெரியாது. கையை நீட்டிக் கட்டைவிரலை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு மறு கண்ணால் பார்த்தால் விரல் இடம் மாறித் தெரியும். எட்மண்ட் ஹாலி 1716-ல் முன்வைத்த யோசனை அதுவே: பூமியின் வடகோடியில் ஒருவர், தென்கோடியில் ஒருவர் நின்று, வெள்ளி சூரியனைக் கடக்க எடுக்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். இருவருக்கும் அது வெவ்வேறு கோட்டில் தெரியும். நேரமும் சில நிமிடம் வேறுபடும். அந்த வேறுபாட்டிலிருந்து தூரம் கிடைத்துவிடும். தாம் இருந்து பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே ஹாலி இதை எழுதினார். 1742-ல் இறந்தார். 1761-ல் பிரிட்டனும் பிரான்சும் போரில் இருந்தன. அப்படியிருந்தும் இரு நாட்டு வானியலாளர்களும் ஒரே கணக்குக்காகக் கடல் கடந்தார்கள்.

அளவீடு சுலபமாக இல்லை. வெள்ளி சூரிய விளிம்பை உட்புறமாகத் தொட்டு விலகும் கணத்தில் அதன் கரிய வட்டம் விளிம்போடு ஒட்டிக்கொண்டு நீள்கிறது. எப்போது பிரிந்தது என்று சொல்ல முடியவில்லை. தாஹித்தியில் ஒரே இடத்தில் நின்று பார்த்த கேப்டன் குக்கும் வானியலாளர் சார்லஸ் கிரீனும் குறித்த நேரங்களே ஒத்துப்போகவில்லை. இருந்தும் 1769 அளவீடுகளை வைத்து பிரெஞ்சு வானியலாளர் லலாந்து கணக்கிட்டபோது சூரியனின் தூரம் ஏறத்தாழ 15.3 கோடி கிலோமீட்டர் என்று வந்தது. சரியான அளவு 14.96 கோடி. மரமும் பித்தளையும் கொண்டு செய்த கருவிகளுக்கு இது பெரிய சாதனை.

வெள்ளியின் பாதை பூமியின் பாதைக்கு 3.4 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் பெரும்பாலும் அது சூரியனுக்கு மேலாகவோ கீழாகவோ நழுவிப் போய்விடும். எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு இடைநகர்வு, பிறகு நூறாண்டுக்கு மேல் ஒன்றுமில்லை. 1874 இடைநகர்வுக்கு முன்பே சென்னை வான்நோக்கு நிலையத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கம் கணிக்கும் சித்தாந்தி ஒருவரும் புதிய வானியல் அறிந்தவரும் பேசிக்கொள்வது போல ஒரு சிறுநூல் எழுதி, ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். வானியலைச் சொந்த மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற அவருடைய தவிப்பு இன்றைக்கும் நமக்கு வேண்டியது.

நம் தலைமுறைக்குக் கிடைத்தவை 2004-ம் 2012-ம். 2004 ஜூன் 8 அன்று ஒரு பள்ளி மொட்டை மாடியில் சின்னத் தொலைநோக்கியால் சூரியனை வெள்ளைச் சார்ட் தாளில் விழவைத்திருந்தார்கள். அரைச்சாண் அகல ஒளிவட்டம், அதில் மிளகளவு கருப்பு. காற்றில் தாள் ஆட, பிள்ளைகள் மாற்றி மாற்றி அதைப் பிடித்துக்கொண்டார்கள். பென்சிலால் அரைமணிக்கொரு முறை புள்ளியின் இடத்தைக் குறிக்க, மாலைக்குள் தாளில் ஒரு நேர்வரிசை உருவாகிவிட்டது. ஹாலி கேட்ட கோடு அதுதான். தூரத்தை அளக்க இனி அது தேவையில்லை. 1961-லேயே வெள்ளிக்கு ரேடார் அலை அனுப்பித் துல்லியமாகக் கணக்கிட்டுவிட்டார்கள்.

ஆனால் இன்று பிற விண்மீன்களைச் சுற்றும் புறக்கோள்களைத் தேடும் ஆய்வின் பெரும் பகுதி அந்தப் புள்ளியின் மேல்தான் நிற்கிறது. 1999-ல் எச்டி 209458 என்ற விண்மீனின் ஒளி, அதன் கோள் குறுக்கே வரும்போதெல்லாம் நூற்றில் ஒன்றரை பங்கு மங்குவதைக் கண்டார்கள். 2009-ல் ஏவப்பட்ட கெப்ளர் தொலைநோக்கி இதே வழியில் 2,600-க்கு மேற்பட்ட புறக்கோள்களைக் கண்டுபிடித்தது. 2022-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வாஸ்ப்-39பி என்ற கோளின் காற்றைத் தாண்டி வந்த விண்மீன் ஒளியைப் பிரித்து, அதில் கரியமில வாயு இருப்பதைக் காட்டியது. 2012 இடைநகர்வின்போது ஹப்பிள் தொலைநோக்கி சூரியனை நேராகப் பார்க்க முடியாததால் நிலாவைப் பார்த்தது. வெள்ளியின் காற்று வழியே வந்து நிலாவில் பட்டுத் திரும்பிய ஒளியில் அதன் தடயம் தெரிகிறதா என்பதே சோதனை.

இங்கேதான் எனக்கு ஓர் அழுத்தமான எண்ணம். எங்கோ ஒரு விண்மீனருகே இருந்து யாராவது நம் சூரியனைக் கவனித்தால், பூமி கடக்கும்போது ஒளி பத்து லட்சத்தில் 84 பங்கு குறையும். வெள்ளி கடக்கும்போது 76 பங்கு. கிட்டத்தட்ட இரட்டையர் என்றே எழுதிக்கொள்வார்கள். ஒன்றில் கடலும் காடும். இன்னொன்றின் தரையில் ஈயம் உருகும் 465 பாகை வெப்பம், நம்மைப் போலத் தொண்ணூறு மடங்கு காற்றழுத்தம். புள்ளி கோளின் அளவைச் சொல்லும், கதியைச் சொல்லாது. ஆயிரக்கணக்கான புறக்கோள்களில் எது பூமி, எது வெள்ளி என்று பிரித்தறிய, பக்கத்தில் இருக்கும் வெள்ளி எப்படி இந்தக் கதிக்கு வந்தது என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு அங்கே போயே ஆக வேண்டும்.

போகத்தான் இல்லை. 1982-ல் சோவியத்தின் வெனேரா 13 அந்தத் தரையில் 127 நிமிடம் தாக்குப்பிடித்துப் படம் அனுப்பியது. 1985-ல் வேகா கலங்களுக்குப் பிறகு எந்தக் கலமும் அங்கே இறங்கவில்லை. செவ்வாயில் ஊர்திகள் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்க, வெள்ளியைச் சுற்றிக்கொண்டிருந்த ஜப்பானின் அகாட்சுகியும் 2024-ல் தொடர்பிழந்தது. 1991-ல் மெகல்லன் கலம் எட்டு மாத இடைவெளியில் எடுத்த ரேடார் படங்களை 2023-ல் மறுபடி ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒரு எரிமலை வாய் உருமாறியிருந்தது தெரிந்தது. முப்பது ஆண்டு பழைய படத்திலிருந்துதான் அங்கு எரிமலை உயிரோடிருப்பதை அறிய வேண்டியிருந்தது என்றால், நாம் எவ்வளவு அலட்சியமாக இருந்திருக்கிறோம்!

நாசாவின் டாவின்சி, வெரிடாஸ், ஐரோப்பாவின் என்விஷன் ஆகியவை திட்டத்தில் இருக்கின்றன. வெரிடாஸ் ஏற்கெனவே பின்தள்ளப்பட்டுவிட்டது. இந்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் 1,236 கோடி ரூபாயில் வெள்ளிச் சுற்றுக்கலத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2028 மார்ச்சில் ஏவுவது குறிக்கோள். மேகப் போர்வையை ஊடுருவித் தரையைப் பார்க்கும் ரேடார் அதில் இருக்கும். வெள்ளிக்குப் போக வசதியான வாய்ப்பு பத்தொன்பது மாதத்துக்கு ஒருமுறைதான் அமைகிறது. ஒரு தேதியைத் தவறவிட்டால் அடுத்ததற்கு அவ்வளவு காலம் காக்க வேண்டும். எத்தனை திட்டங்களுக்கு நிதி குறைந்தாலும் இந்த ஒன்றைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். நிலவுக்கும் செவ்வாய்க்கும் போனதில் பெருமை உண்டு. வெள்ளியில் நமக்கு வேண்டியது பெருமையைவிடப் பெரியது: ஒரு கோள் வாழத் தகாததாக மாறியது எப்படி என்ற விடை.

வெள்ளியின் அடுத்த இடைநகர்வு 2117 டிசம்பரில். அதற்கு முன் 2032 நவம்பர் 13, சனிக்கிழமை, புதன் சூரியனைக் கடக்கும். இந்தியாவில் பகல் 12 மணிக்குப் பிறகு தொடங்கி மாலை நாலரை தாண்டி முடியும். புதன் மிகச் சிறியது, கிரகணக் கண்ணாடி மட்டும் போதாது, தொலைநோக்கி வேண்டும். முகப்பில் சூரிய வடிகட்டி பொருத்தாமல் எந்தத் தொலைநோக்கியிலும் கண்ணை வைக்கக் கூடாது. வெள்ளைத் தாளில் விழவைத்துப் பார்ப்பது பள்ளிகளுக்கு உகந்தது. அப்போதும் யாராவது தொலைநோக்கியின் பக்கத்திலேயே நின்று, குழந்தைகள் எட்டிப் பார்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.