அடிபட்ட சிறுநீரகமும் அறுக்காத வைத்தியமும்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக் கிடங்குகளில் மூட்டை சுமக்கும் நம்மவர், சறுக்கி விழுந்தாலும் முதுகைத் தடவிக்கொண்டு மீண்டும் வேலைக்குச் செல்வதே வழக்கம். விலாவெலும்பின் அடியில் சிறுநீரகம் இருப்பதை மறந்துவிடுகிறோம். இதயம் செலுத்தும் இரத்தத்தில் ஏறத்தாழ 20 சதவீதம் அங்கே பாய்கிறது.

காயங்களில் பெரும்பாலானவை படுக்கை ஓய்விலேயே ஆறிவிடும். இரத்தம் நிற்காவிடில், முன்னாளில் வயிற்றைக் கீறிச் சிறுநீரகத்தையே அகற்ற நேர்வதுண்டு. 1953-இல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஸெல்டிங்கர், ஊசித் துளை வழியே இரத்தக் குழாய்க்குள் மெல்லிய குழலைச் செலுத்தும் முறையை வெளியிட்டார். இன்று அம்முறையைத் தழுவி, தொடையிடுக்கில் துளையிட்டு, எக்ஸ்ரே படத்தைப் பார்த்தவாறே, கசியும் கிளைத் தமனியை மட்டும் நுண்சுருளால் அடைக்கின்றனர். எஞ்சிய பகுதி பிழைத்துக்கொள்கிறது.

ஆகவே அன்பர்களே, அடிபட்டுச் சில நாள் கழித்தேனும் சிறுநீர் சிவந்தாலோ, விலா கடுத்துத் தலை சுற்றினாலோ, கூலி போகுமே என்று பொறுத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்வீராக.