கௌலிட்ஸ் ஆற்றில் யூலகான் மீன்பிடி: அள்ளுவலையும் முட்டையிடு பருவமும்

வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரக் கடலில் வாழும் யூலகான், சாண் நீளமேயுள்ள சிறுமீன். சில ஆண்டுகள் கடலில் வளர்ந்த இம்மீன், குளிர்காலத்தின் இறுதியில் முட்டையிடுவதற்காகக் கொலம்பியா ஆற்றிலும் அதன் துணையாறான கௌலிட்ஸிலும் திரளாக ஏறுகிறது. ஆற்றில் நுழைந்தபின் இரையுண்பதில்லை. முட்டையிட்டபின் பெரும்பாலானவை மடிகின்றன. உலர்த்தித் திரியிட்டால் எரியுமளவுக்குக் கொழுப்பு மிக்கதாதலின் ‘மெழுகுதிரி மீன்’ என்னும் பெயரும் இதற்குண்டு.

ஏறுமீன், விசை குறைந்த கரையோர நீரை ஒட்டிச் செல்லும். கரையில் நிற்பவர் நீண்ட கழியில் பொருத்திய அள்ளுவலையை நீரோட்டத்தின் போக்கிலேயே இழுப்பார். எதிரேறும் மீன் தானே வலைக்குள் புகும். படகு வேண்டா, இரை வேண்டா. இவ்வெளிமையே சிக்கலுக்கும் இடமளிக்கிறது. நெருங்கித் திரளும் மீனாதலால், வரத்து பாதியாகக் குறைந்த ஆண்டிலும் அள்ளுபவரின் வலை நிறையக்கூடும். நிறைந்த வலையைக் கொண்டு மீன்வளத்தை மதிப்பிடுதல் பொருந்தாது.

2010இல் யூலகானின் தென்பகுதி இனத்தொகை, அமெரிக்கச் சட்டப்படி அச்சுறுத்தலுக்குள்ளானதாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மீன்பிடி மூடப்பட்டது. 2014 முதல், வரத்து இடந்தரும் ஆண்டுகளில், சில மணிநேரம் மட்டும், ஒருவருக்கு 10 பவுண்டு என்ற வரம்புடன் கௌலிட்ஸில் அனுமதி வழங்கப்படுகிறது. ஆயினும் அரசின் மதிப்பீடு முதன்மை அச்சுறுத்தலாகச் சுட்டியது அள்ளுவலையை அன்று. கடல்நிலையைத் திரிக்கும் காலநிலை மாற்றத்தையே. இறால் இழுவலையில் தற்செயலாக அகப்படும் யூலகானும் கருதத்தக்கது. ஒரேகன் கடலில் இழுவலையின் அடிக்கயிற்றருகே எல்இடி விளக்குகளைப் பொருத்திய ஆய்வில், இறால் பிடி பெரிதும் குறையாமலேயே யூலகான் அகப்படுவது வெகுவாகக் குறைந்தது.